கிரிஸல் மெய்ரின் முதுகு

எங்கள் மீன்பிடி ஊரான டன்ஹைவின் வேதக்கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். வடக்குச் சுவரில் சங்கிலியோடு தொங்கும் இரும்புக் கழுத்து வளையத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். "இதுலதானே அந்தச் சூனியக்காரியப் பூட்டி வச்சாங்க? பாவம், எந்த இடத்துல எரிச்சாங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் எடின்பரோவில் எவனோ ஒருத்தன், ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், 'டன்ஹைவ் ராட்சசி' என்று நாலு பக்கம் அச்சடித்து விற்றுவிட்டான். ஸ்காட்லாந்து முழுக்க அதுதான் பேச்சு. முந்நூற்று அறுபது வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அட, முதலில் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். அழுவதா வேண்டாமா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிரிஸல் மெய்ருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. நல்ல உயரம். தோள் இரண்டும் கோயில் கதவுக்குப் போட்ட குறுக்குக் கட்டை மாதிரி இருக்கும். அவள் புருஷன் நினியன் சின்ன ஆள். அவள் காதளவுதான் வருவான். வாய் மட்டும் இரண்டு ஆளுக்குச் சேர்த்து இருக்கும்.

டன்ஹைவில் படகுத்துறை கிடையாது. படகுகள் இடுப்பளவு தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கும். ஆண்கள் அந்தத் தண்ணீரில் இறங்கிப் போய், நனைந்த காலோடு ஜனவரிக் குளிரில் பத்து மணி நேரம் தூண்டில் போட்டால், கால்விரல் கறுத்து உதிர்ந்துவிடும். அதனால் பெண்கள்தான் பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அவரவர் புருஷனை முதுகில் ஏற்றி, அலைக்குள் நடந்து போய்ப் படகில் இறக்கிவிட வேண்டும். தினமும் விடிந்ததும் அதுதான் முதல் வேலை. அதன் பிறகு சிப்பி உடைப்பது, தூண்டிலில் இரை கோப்பது, சாயங்காலம் மீன்கூடையைச் சுமந்து பத்து மைல் நடந்து விற்பது எல்லாம்.

"எங்க வீட்டுல குதிரை எதுக்கு?" என்பான் நினியன், அவள் முதுகில் உட்கார்ந்துகொண்டே. "இது ஓட்ஸ் கஞ்சி குடிச்சுட்டே ஓடும்."

"வாய மூடுய்யா. இல்லன்னா கடல் கஞ்சி குடிப்ப" என்பாள் கிரிஸல்.

பதினேழு வருஷம் தூக்கியிருக்கிறாள். ஒரு தடவைகூட, ஒருத்தனைக்கூட, அவள் தண்ணீரில் போட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. யாராவது அதை மறந்துவிட்டால் அவளே ஞாபகப்படுத்துவாள்.

அந்த வருஷம் ஜனவரியில் யூஃபன் ரெய்டுக்குப் பிள்ளை பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அவள் புருஷன் ஹியூ ரெய்ட் கோயில் மூப்பர்களில் ஒருவன், படகுக்குச் சொந்தக்காரன், ஊரிலேயே பெரிய உடம்பு. அவனை யார் தூக்குவது? ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"வாங்க மூப்பரே, ஏறுங்க" என்றாள் கிரிஸல். "யூஃபன் எழுந்து நடமாடற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

ஏறினான். அவள் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்ற நினியன், "அப்ப என்னைய யாரு தூக்குறது? நான் என்ன வேண்டாத புருஷனா?" என்று ராகம் போட்டான். "நீயும் வாய்யா" என்று அவனையும் இழுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று. கரையில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹியூவின் முகம் சிவந்தது. அவ்வளவு பெரிய மனுஷன், கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறவன், எல்லார் முன்னாலும் கைக்குழந்தை மாதிரி தொங்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?

"சிரிக்காதீங்கடி, பிடி நழுவுது" என்ற கிரிஸல், தானும் சிரித்துக்கொண்டே, "யப்பா! மூப்பரே, நம்ம போதகர் பிரசங்கத்தவிட நீங்க கனம்!" என்றாள்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

கடற்கரையில் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது. ஊருக்குள் சொல்லலாம், கோயிலில் சொல்லலாம். படகைப் பார்த்த பிறகு 'கறுப்பு அங்கிக்காரர்' என்றுதான் சொல்ல வேண்டும். 'போதகர்' என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் எல்லாரும் உடனே இரும்பைத் தொடுவார்கள். அன்றைக்கும் தொட்டார்கள். கத்தியை, ஆணியை, நங்கூரத்தை. அவள் முதுகில் இருந்த ஹியூவுக்குத் தொட எதுவும் கிடைக்கவில்லை. காற்றைத் துழாவினான். கிரிஸல் நாக்கைக் கடித்துக்கொண்டு அவனைப் படகில் இறக்கினாள்.

மூன்றாம் நாள் ஹியூவின் தம்பி போன படகு திரும்பி வரவில்லை. நாலு பேர். ஒரு துடுப்பு மட்டும்தான் கரை ஒதுங்கியது.

தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவன் ஹியூ. அவன் துக்கத்தைக் குறை சொல்ல எங்களுக்கு மனசு வராது. ஆனால் துக்கம் அவன் மனசில் போய் நின்ற இடம் மோசமான இடம். அந்த வார்த்தைதான் தம்பியைக் கொன்றது என்று முடிவு பண்ணிவிட்டான். அதைப் போய்க் கோயிலில் சொல்ல முடியுமா? முந்தின வருஷம்தான் போதகர் இந்த இரும்பு தொடுகிற பழக்கத்துக்காக மூன்று பேரைப் பிடித்து, நாலு ஞாயிற்றுக்கிழமை கோயில் நடுவே முக்காலியில் உட்கார வைத்து, அஞ்ஞானிகள் என்று திட்டித் தீர்த்திருந்தார். தன் பேரைச் சொன்னாலே படகு கவிழும் என்று தன்னுடைய மூப்பரே நம்புகிறான் என்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்?

அதனால் ஹியூ வேறு மாதிரி சொன்னான். "ரெண்டு ஆம்பளைய ஒரே நேரத்துல ஒரு பொம்பளை தூக்குனா. நானே சாட்சி. அது மனுஷ பலமா? சாத்தான் குடுத்த பலம்."

மூப்பர் சபை கூடியது. கிரிஸலைப் பிடித்து, கோயில் சுவரில் இருந்த வளையத்தில் கழுத்தைப் பூட்டினார்கள். பிறகு மணிக்கூண்டுக்குக் கீழே இருந்த அறையில் ஐந்து நாள் தூங்கவிடாமல் வைத்தார்கள். மூப்பர்கள் முறைபோட்டு உட்கார்ந்தார்கள். கண் செருகினால் ஊசியால் குத்தினார்கள். யார் யார் உன்கூடச் சேர்ந்தவர்கள், பேரைச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"தூக்கறதுல கூட்டுன்னா கரையில நிக்கிற எல்லா பொம்பளையும்தான்" என்றாள் கிரிஸல். "வேற எதுலயும் எனக்குக் கூட்டு கிடையாது."

"உனக்கு இதைக் கத்துக் குடுத்தது யாரு?"

"எங்கம்மா. முதுகை வளைக்காத, முட்டியை வளைன்னு சொல்லிக் குடுத்தா. எழுதிக்கங்க."

ஐந்து நாளில் ஒரு பேர்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. பக்கத்து ஊர்களில் இதே மாதிரி பிடித்துவைத்த இடங்களில் இரண்டு நாள் தாண்டினாலே அக்கா பேர், மாமியார் பேர் எல்லாம் வந்து விழுந்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்லக் கூடாது. தூக்கம் இல்லாவிட்டால் மனுஷி எதையும் சொல்லுவாள். எங்கள் கிரிஸல் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆறாம் நாள் எடின்பரோவிலிருந்து விசாரணைக்கு வந்தார் கில்பர்ட் லோகி. வக்கீல். ஐம்பது வயது. ஒல்லியான உடம்பு, கறுப்பு அங்கி, கையில் தோல் பை. பையில் இருக்கும் தாள்களில் அவர் என்ன எழுதிக்கொண்டு போகிறாரோ அதை வைத்துத்தான் மேலிடத்தில் தீர்ப்பு. தூக்குக் கயிறும், எரிப்பதற்குத் தார்ப் பீப்பாயும் அங்கே எப்போதும் தயாராக இருக்கும். அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கிரிஸலுக்கும் தெரியும்.

விசாரணை கோயிலுக்குள்ளேயே நடந்தது. பெண்கள் அவரவர் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்கள். இடம் இல்லாமல் சுவரோரம் நின்றார்கள். நினியன் முன்னால் நின்றான். கிரிஸலைப் பிரசங்க மேடைக்குக் கீழே நிறுத்தினார்கள். நிற்க முடியாமல் ஆடினாள். ஆனாலும் தூணில் சாயவில்லை.

"ரெண்டு பேரைத் தூக்கினது உண்மையா?" என்று கேட்டார் லோகி.

"உண்மைதான்யா."

"எப்படி முடிஞ்சுது?"

"ஒருத்தன் எலும்பு, ஒருத்தர் கொழுப்பு. ரெண்டும் சேர்ந்தா சரியா இருந்துச்சு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போதகர் திரும்பி முறைத்தார். லோகி சிரிக்கவில்லை.

யூஃபன் எழுந்தாள். கையில் பச்சைப்பிள்ளை. "ஐயா, என் புருஷனை அவ தூக்கினது எனக்காக. நான் பிள்ளை பெத்துக் கெடந்தேன். நாங்க எல்லாருமே தூக்கறவங்கதான்."

"உட்காருடி" என்றான் ஹியூ.

அவள் உட்காரவில்லை. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். சாயங்காலம் வரைக்கும் நின்றாள்.

லோகி கிரிஸலிடம் திரும்பினார். "அன்னிக்கு அலைக்குள்ள போகும்போது நீ ஏதோ சொன்னயாம். எல்லாரும் பயந்துட்டாங்களாம். ஒரு மூப்பர் அதைச் சொன்னார். என்ன சொன்னன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறார். நீ சொல்லு."

மூப்பர்கள் ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். கிரிஸலுக்கு அந்த அசதியிலும் சிரிப்பு வந்தது. சொன்னால் இரும்பைத் தொட்ட இந்த ஆறு பேரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முக்காலியில். சொல்லாவிட்டால் அது மந்திரம் என்று எழுதிக்கொள்வார்.

"மந்திரமா?" என்று கேட்டார் லோகி.

"இல்லைங்கய்யா." பெருமூச்சு விட்டாள். "போதகர்னு சொன்னேன்."

"எந்தப் போதகர்?"

"இதோ நிக்கறாரே, நம்ம போதகரய்யா. கடற்கரையில அவர் பேரச் சொன்னா படகு கவிழ்ந்துடும்னு எங்க ஆம்பளைங்க நம்பிக்கை. நான் வாய்தவறிச் சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

போதகர் முதலில் வெளுத்தார், பிறகு சிவந்தார். ஹியூவைப் பார்த்தார். ஹியூ தன் பூட்ஸைப் பார்த்தான். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பி, அடக்கி, மறுபடியும் கிளம்பியது. இதோடு முடிந்தது, வக்கீலும் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார் என்று நினியன் நினைத்தான்.

லோகி பேனாவை மையில் தோய்த்தார். "ஆக, நீ ஒரு வார்த்தை சொன்ன. சொன்ன மூணாம் நாள் நாலு பேர் செத்தாங்க. அதை நீயே ஒத்துக்கற."

"ஐயோ, ஐயா! ஒரு வார்த்தைக்குப் படகு கவிழும்னா, ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் போதகரய்யா பேசற பேச்சுக்கு இந்தக் கூரை எப்பவோ விழுந்திருக்கணுமே!"

இந்தத் தடவை சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. மூப்பர்களில் இருவர்கூடச் சிரித்துவிட்டார்கள். ஆனால் லோகி எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்து, மை காய மணல் தூவி, தாளை மடித்தார்.

"கைதியை நான் எடின்பரோவுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அதைக் கேட்டு நினியன் கத்தினான். அதற்கு முன்பும் சரி, பிறகும் சரி, அவன் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

அன்று பெய்த மழையில் ஆற்றுப்பாலம் போய்விட்டது. குதிரை போக வழியில்லை. மறுநாள் காலை வக்கீல் படகில்தான் கிளம்பியாக வேண்டும். வக்கீல், ஒரு காவலன், கைதி மூன்று பேரையும் தெற்கே உள்ள துறைமுகத்தில் இறக்கிவிட ஹியூதான் படகு கொடுத்தான். கறுப்பு அங்கி போட்டவரைப் படகில் ஏற்றுவது என்றால் அவனுக்குக் குலை நடுங்கும். ஆனாலும் வேறு யாரும் முன்வரவில்லை.

காலையில் ஊரே கரையில் நின்றது. படகு வழக்கம்போல இடுப்பளவு தண்ணீரில். அலை பெரிதாக இருந்தது. லோகி தண்ணீரைப் பார்த்தார், படகைப் பார்த்தார், வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தார்.

"யாராவது வாங்க" என்றார்.

ஒருத்தியும் அசையவில்லை. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பாவாடை ஒன்றுகூட இடுப்பில் செருகியிருக்கவில்லை.

யூஃபன்தான் பேசினாள். "எங்க முதுகு வேண்டாங்கய்யா. எங்க பலம் எல்லாம் எங்கேருந்து வருதோ என்னவோ. பெரிய மனுஷர் நீங்க, உங்க ஆத்துமாவுக்கு ஏதாவது ஆகிடப் போகுது."

"யூஃபன்!" என்று அதட்டினான் ஹியூ. "என்னையாவது ஏத்திவிடு."

"நீங்களும் மூப்பர். உங்க ஆத்துமா மட்டும் என்ன மட்டமா?"

ஹியூ பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். துடுப்புப் போடுகிற மூன்று பேரும் பின்னால் இறங்கினார்கள். ஜனவரித் தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் அந்தப் பெரிய உடம்பிலிருந்து வந்த சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. கிரிஸல் கை முன்னால் கட்டப்பட்டு, கயிற்றின் மறுமுனையைக் காவலன் பிடித்திருக்க, அலை தொடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பெண்கள் இன்று எனக்காக நிற்கிறார்கள், நாளை இவர்களில் யாரையும் பிடிக்கலாம், தெரிந்தேதான் நிற்கிறார்கள் என்று நினைத்தாள். செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் நினியனைப் பார்த்தாள். அது பொய், சாக அவளுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

லோகிக்கும் வீம்பு உண்டு. அங்கியைத் தூக்கிப் பிடித்து, தோல் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, தானே இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீர் வரைக்கும் போனார். அலை திரும்பி ஓடும்போது காலடி மணலை வாரிக்கொண்டு போகும், அப்போது விறைத்து நிற்காமல் முட்டியை மடக்க வேண்டும். எங்கள் ஊரில் நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். எடின்பரோ வக்கீலுக்கு யார் சொன்னார்கள்? விறைப்பாக நின்றார். கால் வாரியது. விழுந்தார். அடுத்த அலை அவரை உருட்டி உள்ளே இழுத்தது. கனத்த அங்கி தண்ணீர் குடித்து அவரை அமுக்கியது. ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கையில் பை இருந்தது.

கிரிஸல் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு அலை போதும் என்றுதான் அவள் மனசு சொன்னது. ஆளும் போவான், தாளும் போகும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவள் கைதான் கட்டியிருக்கிறதே.

ஆனால் பதினேழு வருஷம்! டன்ஹைவ் கரையில், பெண்கள் இத்தனை பேர் நிற்கும்போது, ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் செத்தான் என்றால் அப்புறம் எங்கள் முதுகுக்கு என்ன மரியாதை? அவளுக்கு வக்கீல்மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால், இல்லை. கோபம்தான் வந்தது. சீ, தண்ணியில நிக்கத் தெரியாத ஆளு, என்று திட்டிக்கொண்டே பாய்ந்தாள். காவலன் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு வந்தது.

கட்டிய கையாலேயே அங்கியின் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கினாள். அவர் இருமி, துப்பி, கையைக் காலை உதறினார்.

"உதறாதீங்க! கையை என் கழுத்தச் சுத்திப் போடுங்க. காலை இடுப்புல பின்னுங்க. ஆங், அப்படித்தான். இப்ப சும்மா கெடங்க."

முட்டியை வளைத்து, முதுகை நிமிர்த்தி எழுந்தாள். எழும்போதுதான் தெரிந்தது, உடம்பில் ஒன்றுமில்லை. ஆறு நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. முதல் அடி வைத்தாள். அலை நெஞ்சில் அடித்தது. இரண்டாம் அடி. கால்கள் இரண்டும் வெடவெடவென்று ஆடின. மூச்சு இரைத்தது. கரையில் இருந்த பெண்கள் அவளை நோக்கி ஓடி வரத் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் தூரத்தில் இருந்தார்கள்.

லோகியின் காது அவள் கன்னத்தோரம் இருந்தது. நெஞ்சு அவள் முதுகோடு ஒட்டியிருந்தது.

"உனக்கு நடுங்குதே" என்றார்.

"நடுங்காம? தூங்கவிட்டீங்களா?"

மறுபடி ஒரு அலை. அவள் நின்று, முட்டியை மடக்கி, அதை மேலே போகவிட்டாள். உப்புத் தண்ணீரைத் துப்பினாள்.

"விழுந்துடுவியா?"

"விழமாட்டேன்."

"உதவிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"யாரு, சாத்தானா? நீங்களே கூப்பிட்டுப் பாருங்கய்யா. வந்தான்னா உங்க கனத்துல பாதிய அவன்கிட்ட குடுத்துடறேன்."

அவள் இதயம் அடித்துக்கொள்வது அவருக்குத் தன் நெஞ்சிலேயே கேட்டிருக்கும். இன்னும் பன்னிரண்டு அடி. அவள் ஒவ்வொரு அடிக்கும் முனகினாள், கடைசி மூன்று அடிக்கு நினியனின் பேரைச் சொல்லி முனகினாள். படகின் விளிம்பு கைக்குப் பட்டதும் உடம்பைத் திருப்பி அவரை உள்ளே உட்கார வைத்தாள். பை அவர் கையில் இருந்தது. பிறகு விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கினாள். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. பச்சைத் தண்ணீராக வாந்தி எடுத்தாள்.

"கைதியையும் ஏத்துங்க!" என்று கரையிலிருந்து காவலன் கத்தினான்.

ஹியூ குனிந்து அவள் தோளைப் பிடித்தான். "இரு" என்றார் லோகி.

அவர் பற்கள் தந்தியடித்தன. அவள் மூச்சு வாங்குவதைக் குனிந்து பார்த்தார். பிறகு ஹியூவிடம் கேட்டார்.

"மூப்பரே, உங்க மனைவி எத்தனை வருஷமா உங்களைத் தூக்கறாங்க?"

"பத்து வருஷமாங்கய்யா."

"அவங்களுக்கு மூச்சு வாங்குமா?"

ஹியூ நனைந்த தொடையைத் தேய்த்துக்கொண்டான். "தெரியலீங்களே" என்றான் மெதுவாக. "நான் கவனிச்சதில்ல."

"நானும் இன்னிக்குத்தான் கேட்டேன்" என்றார் லோகி. "சாத்தானோட பலத்துக்கு இப்படி மூச்சு வாங்காது. அதை நான் எழுதிக்கிறேன். கயித்தை அறுங்க. அவ வீட்டுக்குப் போகட்டும்."

ஹியூ கத்தியை எடுத்தான். நனைந்து இறுகிய கயிற்றை அறுக்க நேரம் பிடித்தது. அறுத்த பிறகும் அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"உங்க தம்பிக்காக நானும் அழுதேன் மூப்பரே" என்றாள் கிரிஸல். "நீங்கதான் பாக்கல."

அவள் திரும்பினாள். தண்ணீருக்குள் பத்துப் பதினைந்து பெண்கள் கைகோத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். பாவாடையைக்கூடத் தூக்காமல் இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால், அலை ஏறியதில் கழுத்துவரை தண்ணீரில், கண்ணிலும் மூக்கிலும் அலை அடிக்க, நீந்தவும் தெரியாமல் நிற்கவும் முடியாமல் தத்தளித்துக்கொண்டு ஒரு சின்னத் தலை வந்தது. நினியன்.

வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அழுதான். அவளும் அழுதாள், ஆனால் அவன் நனைந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அட முட்டாப் பயலே! பதினேழு வருஷமா ஒரு சொட்டு படாம வச்சிருந்தேன்யா உன் காலை!"

"நனஞ்சா நனையட்டும் புள்ள. என்னைப் பிடிச்சுக்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீ? என்னையா? உன் காலே தரையில படல!"

உண்மைதான், அலை தூக்கியதில் படவில்லை. அவள் ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். மறுகையை யூஃபன் பிடித்துக்கொண்டாள். பெண்கள் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். கிரிஸல் மெய்ர் தன் காலாலேயே நடந்து கரையேறினாள். அப்போதும், பாருங்கள், நினியனை அவள் தண்ணீரில் விடவில்லை.